பச்சை உப்பு எங்கே இருக்கிறது?

தீபாவளிக்கு முந்தைய மாலை. ரோந்து போகும் காவலர் ஒருவரின் கையில் இரண்டு கம்பி மத்தாப்புப் பெட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே அளவு, அட்டையில் ஒரே மாதிரிப் படம், கம்பியின் நீளமும் ஒன்றுதான். பிரித்துக் கொளுத்திப் பார்த்தாலும் இரண்டுமே வெள்ளைப் பொறி சிந்தி அணைகின்றன. ஆனால் ஒன்றைக் கடையில் விற்கலாம். மற்றது உச்ச நீதிமன்றம் தடை செய்த சரக்கு. எது எது என்று அவர் எப்படிச் சொல்வார்?

சொல்ல முடியாது. அவரால் மட்டுமல்ல, இருபது ஆண்டு பட்டாசு விற்ற கடைக்காரராலும் முடியாது. சட்டத்துக்குப் புறம்பான பட்டாசு என்றால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும், பயங்கரமாக வெடிக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இன்றைய விதிகளின்படி பெரும்பாலான வேளைகளில் குற்றம் உள்ளே இருக்கும் மருந்தின் சேர்மானத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒரு கோடி பேர் வாழும் நகரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது, எங்கே தவறவிடுகிறது என்பது வேதியியலும் ஒலியியலும் வானிலையும் சேர்ந்த கதை.

மத்தாப்பிலிருந்தே தொடங்கலாம். எந்தப் பட்டாசிலும் இரண்டு தரப்புகள் உண்டு. ஒன்று எரியும் பொருள்: கரி, கந்தகம், அலுமினியத் தூள் போன்றவை. மற்றது அந்த எரிதலுக்கு ஆக்சிஜனைக் கொடுக்கும் பொருள். இதை ஆக்சிஜனேற்றி என்பார்கள். காகிதச் சுருளுக்குள் இறுக்கி அடைத்த மருந்துக்கு வெளிக்காற்று போய்ச் சேராது. எனவே எரிவதற்கான ஆக்சிஜனை மருந்து தன்னோடே கொண்டுபோக வேண்டும். வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், காலங்காலமாக இந்த வேலையைச் செய்துவருகிறது. பேரியம் நைட்ரேட்டும் இதே வேலையைச் செய்யும். சிவகாசி வட்டாரத்தில் அதற்குப் பச்சை உப்பு என்று பெயர்.

பேரியம் குளோரினோடு சேர்ந்து சூடேறும்போது பச்சை ஒளி வீசும். வானில் விரியும் பேன்சி ரகங்களின் பச்சை அப்படித்தான் வருகிறது. அதற்காகவே மருந்தில் குளோரின் தரும் ஒரு பொருளையும் சேர்க்கிறார்கள். சாதாரணக் கம்பி மத்தாப்பில் அந்தப் பொருள் இல்லை. அங்கே பேரியம் நைட்ரேட்டின் வேலை ஆக்சிஜன் தருவது மட்டுமே. அலுமினியம் வெள்ளையாக எரிகிறது, இரும்புத் தூள் பொறியாகச் சிதறுகிறது. பச்சை நிறமே தெரியாததால், உள்ளே பச்சை உப்பு இருப்பதும் தெரிவதில்லை. பேரியம் என்றால் பச்சை நிற வெடிகளில்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் மத்தாப்பையும் புஸ்வாணத்தையும் சங்குச் சக்கரத்தையும் கணக்கில் சேர்ப்பதில்லை. குழந்தைகளின் கையில் முதலில் கொடுப்பது இவற்றைத்தான்.

பேரியம் ஏன் வேண்டாம்? நம் தசைகளும் இதயமும் ஒழுங்காக இயங்க, செல்களின் சவ்வு வழியே பொட்டாசியம் போய்வந்துகொண்டிருக்க வேண்டும். நீரில் கரையும் பேரியம் உடலுக்குள் போனால் அந்தப் பாதையை அடைத்துவிடும். அளவு மிகுந்தால் தசை தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். மருத்துவமனையில் எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பதற்கு முன் பேரியம் கலவையைக் குடிக்கக் கொடுப்பார்களே என்று சிலர் கேட்பதுண்டு. அது பேரியம் சல்பேட். நீரில் கரையாததால் உடல் அதை உறிஞ்சாது, வந்தபடியே வெளியேறிவிடும். பட்டாசுப் புகையில் பறக்கும் பேரியச் சேர்மங்களில் ஒரு பகுதியோ கரையக்கூடியது. அது மிக நுண்ணிய துகளாக நுரையீரலின் ஆழம் வரை போகிறது.

2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புகள் கலந்த பட்டாசுகளைத் தடை செய்தது. சரவெடிகளுக்கும் அதே தீர்ப்பில் தடை வந்தது. தடை வந்ததும் சிக்கலும் வந்தது: மருந்துக்குள் பேரியம் இருக்கிறதா என்று யார், எப்படிப் பார்ப்பது?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பிளாட்டினக் கம்பியில் உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினால் பேரியம் பச்சையாகத் தெரியும். பட்டாசு மருந்தில் இந்தச் சோதனை எடுபடாது. துளி சோடியம் கலந்திருந்தாலும் அதன் மஞ்சள் மற்ற நிறங்களை விழுங்கிவிடும். அலுமினியத்தின் வெள்ளை ஒளியில் மிச்சமும் மறைந்துபோகும். அதனால் ஆய்வகங்கள் வேறு வழியில் போகின்றன. மருந்தின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் அணுவின் உள்வட்டத்தில் இருக்கும் ஓர் எலக்ட்ரான் வெளியே தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்ப வெளிவட்டத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் உள்ளே வரும். வரும்போது தன் மிகுதி ஆற்றலை எக்ஸ் கதிராக உமிழும். அந்த ஆற்றலின் அளவு தனிமத்துக்குத் தனிமம் மாறும். உமிழ்ந்த கதிரை அளந்தால் உள்ளே இருப்பது இரும்பா, பேரியமா, காரீயமா என்று தெரிந்துவிடும். இதற்கு எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை என்று பெயர். பொருளை எரிக்கவோ கரைக்கவோ தேவையில்லை.

இங்கேயும் ஏமாற இடமுண்டு. பேரியம் உமிழும் கதிர்களில் ஒன்றும் டைட்டானியத்தின் முதன்மைக் கதிரும் ஆற்றலில் ஏறத்தாழ ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. டைட்டானியமோ பட்டாசில் வெள்ளிப் பொறிக்காகச் சேர்க்கப்படுகிற உலோகம். சாதாரண மண்ணிலும் உண்டு. அந்த ஒரு கதிரை மட்டும் பார்த்து ஒரு தொழிற்சாலையைக் குற்றம் சொன்னால் நிரபராதி மாட்டிக்கொள்ளலாம். பேரியத்தின் மற்றக் கதிர்களும் கூடவே தென்படுகின்றனவா என்று பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். கருவியை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் அதிகாரிகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: கருவியோடு அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

பெட்டிக்குள் பார்க்காவிட்டால், கொளுத்திய பிறகு காற்றில் பார்க்கலாமே? அதையும் செய்கிறார்கள். காற்றை ஒரு வடிதாளின் வழியே இழுத்து, அதில் படிந்த தூசியை அதே எக்ஸ் கதிர் முறையில் ஆராயலாம். இப்போது மணிக்கு ஒரு முறை தானாகவே அளந்து சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் நகரக் காற்றில் பேரியம் தெரிந்தாலே அது பட்டாசு என்று சொல்லிவிட முடியாது. வண்டிகளின் பிரேக் கட்டைகளில் பேரியம் சல்பேட் கலப்பார்கள். சென்னை அண்ணா சாலையில் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் சிறிது பேரியத் தூள் காற்றில் கலக்கிறது. பொட்டாசியத்தைப் பார்க்கலாம் என்றால் விறகும் வைக்கோலும் எரிந்தாலும் பொட்டாசியம்தான் வருகிறது.

இந்தக் கலவையைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஆய்வாளர்கள் கையாளும் வழியைக் கூட்டாஞ்சோற்றை வைத்து விளக்கலாம். நான்கு வீட்டுக் குழந்தைகள் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை ஒரே பானையில் போட்டுக் கிளறிவிட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டு யார் வீட்டுப் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆனால் நாள் முழுக்க மணிக்கு ஒரு முறை அந்தப் பானை நிரப்பப்பட்டு, ஒவ்வொரு முறையும் நாம் ருசி பார்க்க முடிந்தால்? புளிப்பு ஏறும்போதெல்லாம் பெருங்காயமும் கூடவே ஏறுகிறது, இனிப்பு ஏறும்போதெல்லாம் தேங்காய் ஏறுகிறது என்று புரிபட்டுவிடும். எவை சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்குகின்றனவோ அவை ஒரு வீட்டுச் சமையல். காற்றிலும் அப்படித்தான். பேரியம், பொட்டாசியம், அலுமினியம், ஸ்ட்ரான்சியம் ஆகிய நான்கும் ஒரே மணியில் கூடி உயர்ந்து, கூடித் தாழ்ந்தால் அது பட்டாசு. பேரியமும் தாமிரமும் இரும்பும் காலையும் மாலையும் போக்குவரத்து நெரிசலோடு ஏறினால் அது பிரேக். இதை மூலப் பகுப்பு என்று சொல்லலாம்.

டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இப்படி மணிவாரியாக அளந்து பார்த்தார்கள். தீபாவளி வேளையில் நுண்துகள்களில் உலோகங்களின் அளவு 1,100 சதவீதம் உயர்ந்ததையும், அந்த உலோகத்தில் 95 சதவீதம் பட்டாசிலிருந்தே வந்ததையும் கண்டார்கள். அதே ஆய்வின் இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. பட்டாசின் பாதிப்பு ஏறத்தாழ 12 மணி நேரத்தில் தணிந்துவிட்டது. அதற்கடுத்த நாட்களிலும் டெல்லி மூச்சுத் திணறியதற்குக் காரணம் விறகும் வைக்கோலும் எரிந்த புகை. தீபாவளிக்குப் பின் ஒரு வாரத்துக்குக் காற்று கெட்டிருப்பதை எல்லாம் பட்டாசின் தலையில் கட்டுவோருக்கும், பட்டாசுக்கும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்போருக்கும் அந்த ஒரே ஆய்வில் பதில் இருக்கிறது.

காற்றை அளந்தால் நகரம் முழுவதும் எவ்வளவு வெடித்தது என்று தெரியும். எந்தத் தெரு, எந்த வீடு, எந்தப் பெட்டி என்று தெரியாது. வடிதாளில் படிந்த பேரிய அணுவுக்கு முகவரி கிடையாது. ஆகவே தெருவில் நிற்கும் காவலருக்குச் சட்டம் வேறொரு கருவியைக் கொடுத்தது: கடிகாரம்.

2018 தீர்ப்பு முதலில் இரவு 8 முதல் 10 மணி வரை என்றுதான் சொன்னது. தமிழ்நாட்டில் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடிப்பதே வழக்கம் என்று மாநில அரசு முறையிட்டது. ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் நேரத்தை மாநிலமே முடிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு வாரத்தில் நீதிமன்றம் தளர்த்தியது. அப்படித்தான் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்ற நமது நேரம் வந்தது. அந்த ஆண்டே நேரம் தவறி வெடித்தவர்கள் மீது மாநிலமெங்கும் வழக்குகள் பதிவாயின. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று காவலருக்குத் தெரியாது. மணி எட்டரை என்பது தெரியும்.

இந்த இரண்டு மணி நேரத்தைக் காற்றின் பார்வையில் பார்த்தால் ஒன்று புலப்படும். பகலில் வெயில் தரையைச் சுடவைக்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடேறி மேலே போகிறது, மேலிருக்கும் காற்று கீழே வருகிறது. இந்தக் கலக்கல் நண்பகலில் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கும் மேல் எட்டலாம். புகை அத்தனை உயரத்துக்கும் பரவி நீர்த்துப்போகும். பொழுது சாய்ந்ததும் தரை குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்குகிறது. அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று படர்ந்துகொள்வதால், கீழே இருப்பது மேலே ஏற முடியாது. இதை வெப்பத் தலைகீழ் நிலை என்பார்கள். அப்போது புகைக்குக் கிடைக்கும் இடம் சில நூறு மீட்டர்தான். சில இரவுகளில் அதற்கும் குறைவு. இந்த நிலை மிக உறுதியாக இருப்பது விடிவதற்குச் சற்று முன்னும் பின்னும். புகை கலைவதற்கு மிகவும் ஏற்றது பிற்பகல். நாம் தேர்ந்தெடுத்திருப்பதோ அதிகாலையும் முன்னிரவும்.

நட்ட நடு வெயிலில் யார் மத்தாப்பு கொளுத்துவார்கள் என்று கேட்டால் நியாயம்தான். பண்டிகைக்கென்று ஒரு பொழுது இருக்கிறது. அதை வானிலைக்காக மாற்றச் சொல்ல முடியாது. நேரக் கட்டுப்பாட்டின் பயன் மொத்த அளவைக் குறைப்பதிலும், நோயாளிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மிச்ச நேரத்தில் நிம்மதி தருவதிலும் இருக்கிறது. அது பெரிய பயன்தான் என்று நான் கருதுகிறேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வெடித்த புகை தீங்கற்றது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சென்னைக்குக் கடல் கொடுத்த சலுகை ஒன்று உண்டு. பகலில் கடற்காற்று வீசும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் மேகமூட்டமும் இருக்கும். மேகம் மூடிய இரவில் தரை அவ்வளவு வேகமாகக் குளிராது, மழை பெய்தால் துகள்கள் கழுவப்பட்டுவிடும். மழையில்லாமல் காற்று அசையாமல் நின்ற தீபாவளி இரவுகளிலோ நகரம் புகைமூட்டத்துக்குள் முழுகிவிடும். தீபாவளி அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் எந்த நாளிலும் வரலாம். டெல்லியில் பிந்தி வரும் தீபாவளி குளிரில் மாட்டிக்கொள்கிறது. இதனால்தான் போன ஆண்டைவிட இந்த ஆண்டு காற்றுத் தரக் குறியீடு கூடியதா குறைந்ததா என்பதை வைத்து, சட்டம் வேலை செய்தது என்றோ செய்யவில்லை என்றோ சொல்வது தவறாகிறது. வானிலையின் பங்கைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். தீபாவளி மறுநாள் பட்டியல் போடும் செய்திகளில் இந்தக் கழித்தல் இருப்பதே இல்லை.

கடிகாரத்துக்கு அடுத்து, தெருவில் எளிதில் அளக்கலாம் என்று தோன்றுவது ஓசை. 1999இல் மத்திய அரசு வெளியிட்ட விதியின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஓசை எழுப்பும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு போன்றதல்ல: பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, இருபது கூடினால் நூறு மடங்கு. 115க்கும் 125க்கும் உள்ள வேறுபாடு எண்ணில் சிறிது, காதுக்குப் பெரிது.

4 மீட்டர் என்பதைக் கவனிக்க வேண்டும். திறந்த வெளியில் தொலைவு பாதியானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். 4 மீட்டரில் 125 என்றால் 2 மீட்டரில் 131, ஒரு மீட்டரில் 137. திரியைக் கொளுத்திவிட்டு ஓடத் தயங்கிய சிறுவனுக்குக் கேட்பது விதிப்புத்தகத்தில் எழுதிய ஓசையைவிடப் பதினாறு மடங்கு ஆற்றல் உள்ளது. விதியை மீறாத வெடியே அவன் காதைக் கெடுக்கலாம்.

சோதனை செய்யும் முறையையும் அதே விதி சொல்கிறது. கெட்டியான கான்கிரீட் தரை வேண்டும். சுற்றிலும் 15 மீட்டருக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் சுவரோ கட்டடமோ இருக்கக் கூடாது. சௌகார்பேட்டையிலோ திருவல்லிக்கேணியிலோ அப்படி ஓர் இடத்தைத் தேடிப் பாருங்கள். குறுகிய சந்தில் இரு பக்கச் சுவர்களும் ஓசையைத் திருப்பி அனுப்புகின்றன. அதே வெடி அங்கே இன்னும் பலமாகக் கேட்கும். ஆனால் சந்தில் எடுத்த அளவை வைத்து வெடியைச் சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்ல முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பெசன்ட் நகர், தியாகராய நகர், நுங்கம்பாக்கம் போன்ற இடங்களில் தீபாவளிக்கு முன்னும் தீபாவளி அன்றும் அளந்து வெளியிடுவது அந்தப் பகுதியின் மொத்த இரைச்சல். அது பயனுள்ள கணக்குதான்; தனியொரு வெடியின் குற்றத்தை அது நிரூபிக்காது. காற்றில் பார்த்த அதே சிக்கல் இங்கும் வந்து நிற்கிறது.

சரவெடிக்கு அந்த விதியில் ஒரு தனிக் கணக்கு இருந்தது. நான் படித்த அரசு அறிவிக்கைகளிலேயே யோசித்து எழுதப்பட்ட வரிகளில் அது ஒன்று. சரத்தில் வெடிகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு வெடியும் மெதுவாக இருக்க வேண்டும். நூறு வெடிகள் கோத்த சரத்தில் ஒவ்வொன்றுக்கும் வரம்பு 115 டெசிபல்தான். அதாவது தனி வெடியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு. நூறு வெடிகளும் சேர்ந்தால் தனி வெடியைப் போலப் பத்து மடங்கு. முழுச் சரத்தையும் ஒரே வெடியின் அளவுக்குள் அடக்கச் சொன்னால் சரமே இருக்காது. ஒவ்வொன்றையும் முழு அளவு வெடிக்கவிட்டால் காது தாங்காது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். பத்தாயிரம் வாலா சரத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வரம்பு 105. அந்த வரம்புக்குள் வெடித்த பத்தாயிரம் வாலா எத்தனை இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். பிறகு 2018இல் சரவெடிக்கே தடை வந்தது. அது ஒன்றுதான் காவலர் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணக்கூடிய தடை.

தடை செய்த சரக்குக்கு மாற்றாக வந்தவை பசுமைப் பட்டாசுகள். நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியும், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இவற்றை உருவாக்கின. அலுமினியத்தைக் குறைத்தல், பேரியத்தை விலக்குதல், வெடிக்கும்போது நீராவி வெளிவந்து தூசியை அமுக்கும்படி செய்தல் ஆகிய வழிகளில் துகள் மாசு குறைந்தது 30 சதவீதம் தணிய வேண்டும் என்பது இலக்கு. 2019இல் முத்திரையோடும் கியூ.ஆர். குறியோடும் சந்தைக்கு வந்தன. முப்பது சதவீதம் குறைவு என்றால் எழுபது சதவீதம் மிச்சம். பசுமைப் பட்டாசுதானே என்று இரண்டு பெட்டி வாங்குபவர் மூன்று வாங்கினால், கிடைத்த ஆதாயம் முழுவதும் போய்விடும். குறியை ஸ்கேன் செய்தால் அட்டை உண்மையா என்று தெரியலாம். மருந்து உண்மையா என்று தெரிய மறுபடியும் எக்ஸ் கதிர்தான் வேண்டும்.

கடல் வழியாகக் கடத்திவரும் சீனப் பட்டாசுகளில் குளோரேட் என்ற ஆக்சிஜனேற்றியால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. 2025 அக்டோபரிலும் தூத்துக்குடியில் வருவாய்ப் புலனாய்வுத் துறை அவற்றைக் கைப்பற்றியது. இந்தியாவில் குளோரேட்டும் கந்தகமும் கலந்த மருந்துக்கு 1992 முதல் தடை உண்டு. இந்தக் கலவை லேசான உராய்வுக்கே தீப்பிடிக்கும். கந்தகம் ஈரத்தில் சிறிது அமிலமாக மாறும். அமிலம் குளோரேட்டைத் தாக்கும். யாரும் தொடாமலேயே கிடங்கில் தீ எழலாம். பேரியம் வெடித்த பிறகு தீங்கு செய்வது என்றால், இது வெடிப்பதற்கு முன்பே ஆளைக் கொல்லக்கூடியது.

பிடித்த சரக்கை என்ன செய்வது? நகரங்கள் குறைவாக யோசிக்கும் பகுதி இதுதான். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எந்தப் பட்டாசும் பொதுமக்கள் வெடிக்கக் கூடாது. 2021 ஜூன் 30 அன்று, ஜூலை 4 விடுதலை நாளுக்குச் சில நாட்கள் முன்பாக, நகரின் தெற்குப் பகுதியில் 27ஆம் தெருவில் ஒரு வீட்டில் பதுக்கிவைத்திருந்த பட்டாசுகளைக் காவல்துறை கண்டுபிடித்தது. பெரும்பகுதியை வண்டியில் ஏற்றினார்கள். கையால் செய்த சில வெடிகளை நகர்த்துவது ஆபத்து என்று கருதி, கனத்த இரும்புக் கலம் பொருத்திய வண்டிக்குள் அங்கேயே வெடிக்கவைக்கத் தீர்மானித்தார்கள். உள்ளே போட்ட மருந்து 16.5 பவுண்டு, அதாவது ஏழரை கிலோ, என்பது அவர்கள் கணக்கு. கலம் சிதறியது. 17 பேர் காயமடைந்தார்கள். சுற்றியிருந்த வீடுகள் சேதமாயின. பிறகு விசாரணையில் தெரிந்தது: உள்ளே இருந்தது 42 பவுண்டுக்கு மேல், ஏறத்தாழ 19 கிலோ. தராசில் நிறுக்காமல் கண்மதிப்பாக எடை போட்டிருந்தார்கள்.

எடையில் நேரும் தவறு வெடிமருந்தில் ஏன் இவ்வளவு பெரிய விபரீதமாகிறது? மருந்து எரியும் வேகம் அதைச் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. சிறிதளவு மருந்தைத் திறந்த வெளியில் கொளுத்தினால் குப்பென்று எரிந்து வாயு நாலாபுறமும் ஓடிவிடும். பெரிய குவியலில் நடுவே தோன்றும் வாயு வெளியே ஓட நேரமில்லாமல், மேலிருக்கும் மருந்தே அதற்கு மூடியாகிறது. அழுத்தம் ஏற, எரியும் வேகம் ஏற, வேகம் ஏற அழுத்தம் இன்னும் ஏறுகிறது. சிவகாசியில் மருந்து கலக்கும் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது என்ற விதிகள் இந்தக் காரணத்தால் வந்தவை. அவை மீறப்படும்போது நேர்வதை விருதுநகர் மாவட்டம் ஆண்டுதோறும் சவக்கிடங்கு வாசலில் நின்று பார்க்கிறது. நகரத்துக் காற்றைப் பற்றி நாம் பேசும் ஒவ்வொரு முறையும் அந்தத் தொழிலாளர்கள் பேச்சில் இல்லாமல் போவது எனக்கு வருத்தம் தருகிறது. சட்டத்துக்குப் புறம்பான மருந்தை முதலில் சுவாசிப்பவர்களும் கையால் தொடுபவர்களும் அவர்கள்தான்.

ஆக, தெருவில் தேடினால் பேரியம் அகப்படாது, காற்றில் தேடினால் முகவரி கிடைக்காது. அகப்படும் இடம் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சென்னையில் உள்ள மத்தியப் புலனாய்வுத் துறையிடம் விசாரணையை ஒப்படைத்தது. அவர்கள் சிவகாசியில் உற்பத்தியாளர்களிடமிருந்து மாதிரிகளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கூடவே கொள்முதல் கணக்குகளையும் புரட்டினார்கள். மாதிரிகளில் பேரியம் தென்பட்டது. தடைக்குப் பிறகும் பேரிய உப்பு பெருமளவில் வாங்கப்பட்டிருந்தது. 2021 அக்டோபர் 29 அன்று நீதிமன்றம் தடையை மறுபடியும் வலியுறுத்தியபோது, மீறினால் தலைமைச் செயலாளர் முதல் காவல் நிலைய அதிகாரி வரை பொறுப்பாவார்கள் என்று எச்சரித்தது இந்தப் பின்னணியில்தான்.

பொருளின் நிறை அழிவதில்லை என்று பள்ளியில் படிக்கிறோம். ஒரு பட்டாசுத் தொழிற்சாலைக்குள் ஒரு டன் பச்சை உப்பு போனால், அது மூட்டையாக உள்ளேயே இருக்க வேண்டும், அல்லது மத்தாப்பாக வெளியே போயிருக்க வேண்டும். கண்ணாடி, பீங்கான் தொழில்களுக்குப் பேரியத்தால் வேறு பயன்கள் உண்டு; பட்டாசுத் தொழிற்சாலைக்கு மருந்தைத் தவிர வேறு பயன் இல்லை. லட்சக்கணக்கான பெட்டிகளாகப் பிரிவதற்கு முன், அது சில நூறு மூட்டைகளாக ஒரு கிடங்கில் அடுக்கியிருக்கிறது. யார் விற்றார், யார் வாங்கினார் என்று ரசீது இருக்கிறது. சிவகாசியிலேயே மூலப்பொருளைச் சோதிக்கும் ஆய்வகமும் இருக்கிறது. மணிவாரியாக உலோகங்களை அளக்கும் கருவிகளைச் சென்னையிலும் நிரந்தரமாக வைத்து, தீபாவளிக்கு மறுநாள் காலை வழக்கமான தூசிக் கணக்கோடு பேரியத்தின் கணக்கையும் தனியாக வெளியிட்டால், அந்த ஆண்டு எவ்வளவு பச்சை உப்பு தடையைத் தாண்டி நகரத்துக்குள் வந்தது என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய் ஐப்பசிக்கு ஆறு மாதம் முந்தைய கொள்முதல் ரசீதுகளோடு ஒப்பிடுவது ஒரு கணக்காளரின் ஒரு வார வேலை.